வாண்டர்லேயின் வயிறு

கடற்கரை ஊரான விலாரின் மீன் சந்தையில் அல்பெர்தினாவிடம் யார் வந்து, "மாப்பிள்ளை என்ன பண்றார்?" என்று கேட்டாலும், அவள் செதில் சீவும் கத்தியை நிறுத்தாமல் ஒரே பதிலைத்தான் சொல்வாள்.

"உட்கார்ந்திருக்கார்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. அவள் மாப்பிள்ளை அதெலினோ கரிசோ, விலார் கால்பந்து அணியின் இரண்டாவது கோல்கீப்பர். முதலாமவனுக்கு ஏதாவது ஆகட்டும் என்று இரண்டாமவன் நினைக்கவும் கூடாது, எதுவும் ஆகாது என்று அசந்துவிடவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில், மைதானத்து ஓரப் பெஞ்சில், அதெலினோ ஏழு வருடமாக உட்கார்ந்திருந்தான். வாரம் முழுக்க மற்றவர்களைப் போலவே சேற்றில் விழுந்து எழுவான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் குளித்துத் தலைவாரி, சுத்தமான சட்டையோடு போய், அதே சுத்தத்தோடு திரும்பி வருவான். அந்தச் சட்டையைத் துவைப்பது சோப்புக்கு அவமானம் என்று மனைவி இல்டா சொல்வாள்.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. போர்ட்டோவிலிருந்து அவனைக் கூட்டிக்கொண்டு வந்தபோது விலாரே திரண்டு வந்து பார்த்தது. நெடுநெடுவென்று உயரம், விரித்தால் தாம்பாளம் மாதிரிக் கை. ஒரு பருவம் முழுக்க அவன்தான் முதல் கோல்கீப்பர். கடைசி மாட்ச் அன்று கடற்காற்று சுழன்றடித்தது. எதிரணிக்காரன் ஒருவன் மைதானத்தின் நடுவிலிருந்து சும்மா தூக்கி உதைத்த பந்து அதெலினோவின் தலைக்கு மேலே போய், வெளியே போவதாகப் பாவனை காட்டி, காற்றில் மனம் மாறி, திரும்பி வந்து வலைக்குள் விழுந்தது. கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி அதை அவன் வாய் பிளந்து பார்க்கிற படம் மறுநாள் பத்திரிகையில் வந்தது. செராஃபிமின் காப்பிக் கடைச் சுவரில் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அடுத்த கோடையில் கால்பந்துக் கழகத்தார் பிரேசிலிலிருந்து வாண்டர்லேயைக் கொண்டுவந்தார்கள்.

வாண்டர்லேக்குக் காய்ச்சல் வராது. விரல் பிசகாது. அணி முழுக்க இருமிக்கொண்டிருக்கும் ஜனவரியில் அவன் மட்டும் அரைக்கால் சட்டையோடு கடற்கரையில் ஓடுவான். போதாக்குறைக்கு நல்லவன் வேறு. இல்டாவின் பழைய கார் மக்கர் செய்தால் தள்ளிவிட முதலில் வருபவன் அவன்தான். ஆகையால் அதெலினோவால் அவனை மனதார வெறுக்கக்கூட முடியவில்லை.

"அதெலினோ, இன்னிக்கு பெஞ்ச் எந்தப் பக்கம்? வெயிலா, நிழலா?" என்று செராஃபிம் காப்பியை நீட்டிக்கொண்டே கேட்பான்.

"நிழல்."

"அப்போ நல்ல ஃபார்ம்ல இருக்கேன்னு சொல்லு!"

கடையே சிரிக்கும். அதெலினோவும் சிரிப்பான். ஏழு வருடத்தில் சிரிப்பு பழகிவிட்டிருந்தது.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை இல்டாவுக்குப் பிறந்தநாள். அல்பெர்தினா மகள் வீட்டுக்கு வந்து மட்டிச் சோறு சமைத்தாள். அன்று காலை படகில் வந்த மட்டிச் சிப்பி. பூண்டும் கொத்தமல்லித் தழையும் போட்டு, குழைவாக, கரண்டியால் அள்ளும் பதத்தில். குடும்பம் பிரேசிலில் இருக்க, வாண்டர்லே இங்கே தனியாள். அவனையும் கூப்பிட்டிருந்தார்கள். அவன் மூன்று தட்டு சாப்பிட்டுவிட்டு, பாத்திரத்தின் அடியை ரொட்டித் துண்டால் துடைத்து எடுத்தான்.

"இவன் சாப்பிடறதப் பாருங்க மாப்ளே," என்றாள் அல்பெர்தினா. "வேலை செய்யற உடம்பு!"

அதெலினோ தன் இரண்டாவது தட்டைத் தள்ளி வைத்தான்.

சனிக்கிழமை காலைப் பயிற்சிக்கு வாண்டர்லே வரவில்லை. போனை எடுத்தவன் முனகினான். அணியின் பயிற்சியாளர் கிந்தேலா (வீரர்கள் அவரை மிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்) அதெலினோவையும் கூட்டிக்கொண்டு அவன் வீட்டுக்கு ஓடினார். குளியலறைத் தரையில், தொட்டியைக் கட்டிக்கொண்டு, அந்த இரும்பு மனிதன் ஈரத் துணி போலக் கிடந்தான்.

"மச்சான்," என்றான் அதெலினோவிடம். "எனக்கு அம்மா முகம் தெரியுது."

"என்னடா சாப்பிட்டே?" என்று கத்தினார் மிஸ்டர்.

வாண்டர்லே ஒரு கணம் யோசித்தான். "மட்டிச் சோறு. அல்பெர்தினாம்மா கையால."

மிஸ்டர் மெல்லத் திரும்பி அதெலினோவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஏழு வருட பெஞ்ச் முழுவதும் இருந்தது.

"எல்லாரும்தான் சாப்பிட்டோம் மிஸ்டர்," என்றான் அதெலினோ.

"நான் ஒண்ணும் சொல்லலையே. நாளைக்கு நீதான் ஆடறே. சீக்கிரம் படுத்துத் தூங்கு."

மத்தியானத்துக்குள் செய்தி சந்தைக்குப் போய்விட்டது. வாண்டர்லேயின் வீட்டு மாடியில் குடியிருப்பவள் மருந்துக் கடையில் சொன்னாள். மருந்துக் கடையில் சொன்னால் தேவாலய மணி அடித்ததற்குச் சமம். மருமகன் ஆடவேண்டும் என்பதற்காக மாமியார் பிரேசில்காரனுக்கு மருந்து வைத்துவிட்டாள் என்று பேச்சு. மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றால், 'அவன் தட்டில் மட்டும் போட்டிருப்பாள்' என்று பதில் தயாராக இருந்தது.

பக்கத்துக் கடை பல்மீரா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அக்கா, நம்ம சந்தையிலேயே மகளுக்காக இவ்வளவு செஞ்ச ஆள் நீதான்," என்றாள்.

"வாயை மூடுடி! என் மட்டி தண்ணியில இருக்கும்போதே ஞானஸ்நானம் வாங்கின மட்டி!"

ஆனால் அன்று அவள் மட்டியை யாரும் தொடவில்லை. மத்தியையும் தொடவில்லை. வாடிக்கைக்காரர்கள் அவளுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் பல்மீராவிடம் வாங்கிக்கொண்டு போனார்கள். மாலையில் அவள் ரப்பர் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் மகள் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"மாப்ளே, நாளைக்கு எப்படி ஆடப் போறீங்க?"

"நல்லா ஆடுவேன் அத்தை."

"நல்லா ஆடினா என் கதி என்ன? 'பார், திட்டம் போட்டு வேலை செஞ்சிருக்கா'ன்னு சொல்ல மாட்டாங்களா?"

அதெலினோவுக்கு இந்தக் கோணம் தோன்றியிருக்கவில்லை. "அப்போ மோசமா ஆடட்டுமா?"

"மோசமா ஆடினா, 'பாவம், இதுக்காகப் போய் மருந்து வெச்சாளே'ம்பாங்க."

"அப்போ என்னதான் பண்ணச் சொல்றீங்க?"

அல்பெர்தினா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "சுமாரா ஆடுங்க. யாருக்கும் ஞாபகம் இருக்காத மாதிரி."

இல்டா பாத்திரம் துடைக்கிற துண்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று அதெலினோ ஒரு கணம் ஏமாந்தான்.

ஞாயிற்றுக்கிழமை எதிரணி காஸ்த்ரெலோ, ஆற்றுக்கு அக்கரை ஊர். அவர்களிடம் தோற்றால் விலார்க்காரர்களுக்கு ஒரு வாரம் சோறு இறங்காது. அதெலினோ கையுறையை மூன்று முறை கழற்றி மாட்டினான். உடை மாற்றும் அறையிலிருந்து மைதானத்துக்குப் போகும் வழியில் கால் தானாக இடப்பக்கம் பெஞ்சை நோக்கித் திரும்ப, தடுப்பு ஆட்டக்காரன் ஒருவன் தோளைப் பிடித்து நேராக்கிவிட்டான்.

கோலுக்குப் பின்னால், முதல் வரிசையில், அல்பெர்தினா உட்கார்ந்திருந்தாள். வாழ்நாளில் முதல்முறையாக மாட்ச் பார்க்க வந்திருந்தாள். பூசைக்குப் போடும் நீலக் கவுனும் காதில் தங்க வளையமுமாக, நீதிமன்றத்துக்கு வந்த மாதிரி விறைப்பாக இருந்தாள். அவளைக் கண்டதும் கூட்டம் எழுந்து கை தட்டியது.

ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்தில் காஸ்த்ரெலோவுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. பந்து உயரமாக வந்தது. அதெலினோ "என்னோடது!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து, சொந்த அணிக்காரனின் முதுகில் மோதி, இருவரும் ஒன்றாக விழுந்தார்கள். பந்து அவர்களைத் தாண்டி, ஒருவர் தலையிலும் படாமல் உருண்டு உள்ளே போனது.

மைதானம் ஓய்ந்த அந்தக் கணத்தில் அல்பெர்தினா எழுந்து, சந்தை முழுக்கக் கேட்கிற தன் குரலில், கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"இப்ப சொல்லுங்க! இவருக்காகவா நான் ஒருத்தனுக்கு மருந்து வெப்பேன்?"

முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு அந்தப் பக்கத்துக் கூட்டம். பிறகு காஸ்த்ரெலோக்காரர்கள். நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊத முடியாமல் நின்றார். அதெலினோ புல்லில் மல்லாந்து கிடந்தபடி வானத்தைப் பார்த்தான். காது சுட்டது. அப்புறம், ஏன் என்று தெரியவில்லை, அவனுக்கும் சிரிப்பு வந்தது. காப்பிக் கடையில் சிரிக்கிற பழகிய சிரிப்பு இல்லை, வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. இதைவிட மோசமாக இனி என்ன ஆகிவிடப் போகிறது? எழுந்து, கையுறையை இறுக்கிக்கொண்டு கோலுக்கு முன்னால் போய் நின்றான்.

அதன் பிறகு அவன் ஆடியதைப் பார்த்தவர்கள் இன்றும் சொல்வார்கள். மூலைக்குப் போன பந்தை விரல் நுனியால் தட்டினான். தனியாக ஓடிவந்தவனின் காலடியில் பாய்ந்து பந்தைக் கட்டிக்கொண்டான். ஒருமுறை முகத்தாலேயே தடுத்தான். அது திட்டமிட்டதில்லை என்றாலும் தடுத்ததுதான். விலார் ஒன்று போட்டது, இன்னொன்றும் போட்டது. முடியப் போகும் நேரத்தில் காஸ்த்ரெலோவுக்குப் பெனால்டி.

உதைப்பவனின் கண்ணைப் படித்தான், இடுப்பைப் பார்த்தான் என்றெல்லாம் பின்னால் மற்றவர்கள் கட்டிவிட்ட கதையை அதெலினோ மறுப்பதில்லை. உண்மையில் அவன் வலப்பக்கம் பாய்ந்தான். பந்து இடப்பக்கம் போனது. பாயும்போது கால் வழுக்கி மேலே எழும்பிய குதிகாலில் பந்து பட்டுக் கம்பத்துக்கு வெளியே போனது. விலார் ஜெயித்தது.

கூட்டம் வேலியில் ஏறிக் கத்தியது. அதெலினோ கையுறையைக் கழற்றி, கண் கலங்க, கையை உயர்த்தி அவர்களை நோக்கி நடந்தான். கிட்டே போன பிறகுதான் என்ன கத்துகிறார்கள் என்று சரியாகக் கேட்டது.

"அல்-பெர்-தி-னா! அல்-பெர்-தி-னா!"

செவ்வாய்க்கிழமை சந்தை திறந்ததும் அவள் கடைமுன் வரிசை நின்றது.

"ஒரு கிலோ மட்டி கொடு அல்பெர்தினா, என் மேலதிகாரிக்கு."

"எனக்கு ரெண்டு கிலோ. ஒண்ணு எங்களுக்கு, இன்னொண்ணு நாத்தனாருக்கு. ரெண்டையும் கலந்துடாதே!"

முதலில் அவள் கத்தியைக் காட்டித் துரத்தினாள். பிறகு, காசு நிஜக் காசுதான் என்று கண்டு, எடை போட ஆரம்பித்தாள். மதியத்துக்கு முன் மட்டி தீர்ந்தது. பல்மீரா தன் மத்திகளுக்கு மேல் ஐஸைத் தள்ளிக்கொண்டு நின்றாள்.

அன்று மாலை அதெலினோ, நோயாளியைப் பார்க்கக் கோழி சூப்போடு போனான். வாண்டர்லே சோபாவில் சாய்ந்திருந்தான். சூப்புக்குக் கிண்ணம் தேடி அலமாரியைத் திறந்த அதெலினோ, பின்னால் ஒளித்து வைத்திருந்த ஓர் அட்டைப் பெட்டியைப் பார்த்தான். உள்ளே பாதி தின்ற ஒரு பெர்லின் உருண்டை. கடற்கரையில் கூவி விற்பார்களே, எண்ணெயில் பொரித்து, சர்க்கரையில் புரட்டி, வயிற்றில் மஞ்சள் கிரீம் அடைத்தது. கிரீம் பச்சை நிறமாகியிருந்தது.

"வாண்டர்லே, இது என்னடா?"

வாண்டர்லே சூப்பை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். "மிஸ்டர் என்னை எடை மெஷின்ல ஏத்தினார், மச்சான். இனிப்பு தொட்டா தோலை உரிச்சுடுவேன்னார். வெள்ளிக்கிழமை காலையில கடற்கரையில ஓடினப்போ ஒரு பெட்டி வாங்கினேன். உங்க வீட்டுல சாப்பிடற வரைக்கும் அது கார்லயே இருந்தது."

"வெயில்லயா?"

"வெயில்லதான். ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி தின்னேன். கொஞ்சம் புளிப்பா இருந்தது. எலுமிச்சை போட்டிருப்பாங்கன்னு நினைச்சேன்."

"எங்க அத்தை பேரை ஊரே நாறடிக்குதேடா!"

"தெரியும். மிஸ்டர்கிட்ட மட்டும் சொல்லாதே."

அதெலினோ யோசித்தான். சொல்லாமல் விட்டால் நண்பன் பிழைப்பான். சொன்னால் மாமியார் மானம் மீளும். இன்னொரு கணக்கும் உள்ளே ஓடாமல் இல்லை: சொன்னால் மிஸ்டர் வாண்டர்லேயை உட்காரவைப்பார். அந்த நினைப்பு வந்ததற்காக வெட்கப்பட்டான். வெட்கப்பட்டுக்கொண்டே, "மிஸ்டர்கிட்ட நான் சொல்லல. ஆனா நாளைக்குச் சந்தைக்கு வந்து நீயே சொல்லணும்," என்றான்.

"அவங்க கையில கத்தி இருக்குமே!"

"இருக்கும்."

மறுநாள் வாண்டர்லே வெளுத்த முகத்தோடு சந்தைக்கு நடுவில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, பெர்லின் உருண்டைகளைப் பற்றிச் சொன்னான். ஒருவரும் நம்பவில்லை.

"பாவம், மிரட்டிக் கூட்டிட்டு வந்திருக்காங்க," என்றாள் பல்மீரா. "அக்கா, வர்ற லாபத்துல இவனுக்கும் ஏதாச்சும் பாத்து குடு."

வரிசையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அல்பெர்தினா வாண்டர்லேயின் காதைப் பிடித்துக் குனியவைத்து, மெதுவாகச் சொன்னாள்: "நீ சொன்னே, எனக்குக் கேட்டது, பல்மீராவுக்கும் கேட்டது. போதும். இதுக்கு மேல விளக்கம் சொல்லி என் வியாபாரத்தைக் கெடுத்தே, நிஜமாவே சமைச்சுப் போட்டுடுவேன்."

சந்தையில் சொன்னது மிஸ்டரின் காதுக்கு எட்ட எவ்வளவு நேரம் ஆகும்? அவர் மட்டும் நம்பினார். எடை மெஷினும் அதையேதான் சொல்லியிருந்தது. தண்டனையாக வாண்டர்லே பெஞ்சில் உட்கார, அதெலினோ இன்னும் மூன்று மாட்ச் ஆடினான். ஒன்றில் ஜெயித்தார்கள், ஒன்றில் தோற்றார்கள், மற்றொன்றில் மழை பெய்ததைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. நான்காவது வாரம் மிஸ்டர் பெயர்களைப் படித்தார். முதல் பெயர் வாண்டர்லே.

அதில் அநியாயம் இல்லை. வாண்டர்லே அவனைவிடக் கெட்டிக்காரன் என்பது அதெலினோவுக்கே தெரியும். போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தான். ஆனால் உட்கார முடியவில்லை. முழங்கால் தானாக ஆடியது. பந்து வலப்பக்கம் போனால் உடம்பு வலப்பக்கம் சாய்ந்தது. கார்னர் வந்தபோது "என்னோடது!" என்று பெஞ்சிலிருந்து கத்திவிட்டான், மாற்று வீரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து சுத்தமான சட்டையைக் கழற்றி, சுருட்டி, மூலையில் எறிந்தான்.

இல்டா அதை எடுத்து மடித்தாள். "என்னப்பா, இன்னிக்கு நிழல் பக்கம் கிடைக்கலையா?"

அவன் சிரிக்கவில்லை. அவள் சட்டையை மேசைமேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஃபோன்தெலாவில கீப்பர் தேடறாங்களாம்," என்றான் அதெலினோ. மலைப்பக்கத்து ஊர், ஒரு டிவிஷன் கீழே.

"அங்க குளிருமே."

"குளிரும்."

"போலாம்," என்றாள் இல்டா.

ஜனவரியில் மிஸ்டரிடம் சொல்லப் போனான். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "இங்க உனக்கு என்னப்பா குறை?"

"ஒண்ணும் இல்ல மிஸ்டர். ஒண்ணுமே நடக்கறதில்ல. அதான் குறை."

வாண்டர்லே எல்லோர் முன்னாலும் கண்ணீர் விட்டு அழுதான். "உன் இடத்துக்கு ஒருத்தன் வந்திருக்கான், மச்சான். நான் தும்மினா போதும், உடம்பைச் சூடு பண்ணிக்க ஆரம்பிச்சிடறான். நீ என்னை எவ்வளவு நிம்மதியா வெச்சிருந்தே!"

அல்பெர்தினா வீட்டுச் சாமான் ஏற்றும் வண்டிக்கு முன் நின்று, இது இப்படி அடுக்கக் கூடாது, அது அங்கே வைக்கக் கூடாது என்று எல்லோரையும் விரட்டினாள். மலையில் நல்ல மீன் கிடைக்காது என்று ஐஸ் பெட்டி நிறைய எட்டுக்கால் பேய்க்கணவாய் அடைத்துக் கொடுத்தாள். வண்டி கிளம்பும்போது கண்ணாடியைத் தட்டினாள்.

"மாப்ளே, அந்த ஊர் மைதானத்துல கோலுக்குப் பின்னாடி உட்கார இடம் இருக்கா?"

"சும்மா மண்மேடுதான் அத்தை."

"பரவாயில்ல. நாற்காலி கொண்டு வரேன்."

ஃபோன்தெலாவில் முதல் மாட்ச், கொட்டுகிற மழையில். அவன் நான்கு கோல் வாங்கினான். காது வரைக்கும் சேறு. மழையில் நனைந்தபடி நின்றிருந்த கூட்டம், அவன் தாத்தா வரைக்கும் பேர் சொல்லித் திட்டியது. கேலி இல்லை, நிஜமான வசவு. அதெலினோ வீட்டுக்குப் போய், அந்தச் சட்டையைத் தொட்டியில் போட்டு, அடித்துப் போட்ட மாதிரி தூங்கினான்.

இரண்டு நாள் கழித்து ரொட்டி வாங்கப் போனபோது, கடைக்காரி மர்சியானா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீதானே அந்தப் புது கீப்பர்? அந்த மூணாவது கோல்! எங்க வீட்டுப் பூனை பிடிச்சிருக்கும்."

"மூணாவதா? அக்கா, அது என் தப்பே இல்ல."

"பின்ன, என் தப்பா?"

"கொஞ்சம் இருங்க, காட்டறேன்." அதெலினோ கல்லா மேசைமேல் இருந்த ரொட்டிகளை நகர்த்த ஆரம்பித்தான். நீளமானது கோல். வட்டமானவை தடுப்பு ஆட்டக்காரர்கள். "இதோ, இவன் இங்க நிக்கணும். நிக்கல. பந்து இப்படி வருது..."

"அந்த வட்டமானதைத் தொடாதே, அது பாதிரியாருக்கு எடுத்து வெச்சது."

"பாதிரியாரும் இங்கதான் நிக்கணும்! நின்னிருந்தா கோலே விழுந்திருக்காது!"

பின்னால் வரிசை வாசல் வரைக்கும் நீண்டது. குடையை மடக்கிக்கொண்டே ஒருவர் முன்னால் வந்து, தடுப்பு ஆட்டக்காரன் சரியாகத்தான் நின்றான், கீப்பர்தான் தாமதம் என்று இன்னொரு ரொட்டியை எடுத்து வைத்தார். அதெலினோ சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தான்.